படம் போனாலும் பாடம் போகக்கூடாது

கெடாவில் செம்பனைத் தோட்டத்து வீடு ஒன்றில் உட்கார்ந்தபடி, சிந்தோக்கிலோ செமிலிங்கிலோ பினாங்கிலோ நடக்கும் பல்கலைக்கழக விரிவுரையைக் கேட்பது இன்று யாருக்கும் அதிசயம் அல்ல. கைப்பேசி இருந்தால் போதும், வகுப்பு வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் வகுப்பு நடுவில் படம் உறைந்து, குரல் உடைந்து, கடைசியில் எல்லாமே நின்றுபோகும்போது, “லைன் சரியில்லை” என்று சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். சரியில்லாத அந்த ‘லைன்’ எது? எந்த இடத்தில் அறுகிறது? ஒரே தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்குக் கிடைப்பது நம் வீட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இவற்றுக்கு அறிவியல் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டால், பலவீனமான இணைப்பிலும் பாடத்தைக் காப்பாற்ற முடியும். தெரியாவிட்டால், வகுப்பில் பெயர் இருந்தும் பாடம் கிடைக்காத மாணவர்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

தபாலில் வந்த பாடம்

வீட்டிலிருந்தே பல்கலைக்கழகப் படிப்பு என்பது வடக்கு மாநிலங்களுக்குப் புதிதல்ல. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே தொலைக்கல்வியைத் தொடங்கிவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற விரும்பியவர்களுக்கு அச்சடித்த பாடங்கள் தபாலில் போய்ச் சேர்ந்தன. 1990களில் அதே பல்கலைக்கழகம் தன் வட்டார மையங்களைக் காணொளிச் சந்திப்பு வழியாக இணைத்தது. மாணவர்கள் அந்த மையங்களுக்குப் போய், பெரிய திரையின் முன் அமர்ந்து, பினாங்கில் இருக்கும் விரிவுரையாளரிடம் கேள்வி கேட்டார்கள்.

காணொளித் தொலைபேசி அதைவிடப் பழையது. அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனம் 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்ஃபோன்’ என்ற கருவியைக் காட்டியது. எதிரில் பேசுபவரின் முகம் சின்னத் திரையில் தெரிந்தது. ஆனாலும் அது வீடுகளுக்குப் பரவவில்லை. விலை ஒரு காரணம். படத்தைச் சுமந்து செல்லும் அளவுக்குத் தொலைபேசிக் கம்பிக்குத் தெம்பு இல்லாதது இன்னொரு காரணம்.

இந்தியா வேறு வழியில் போனது. 2004 செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே ‘எஜுசாட்’ என்ற செயற்கைக்கோளை ஏவியது. கம்பி போகாத ஊர்க் கல்லூரிகளுக்கும் வானத்திலிருந்து விரிவுரையை இறக்கினார்கள்.

நம் நாட்டில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், அதுவரை சிலருக்கு மட்டும் வசதியாக இருந்த ஒன்று எல்லாருக்கும் கட்டாயமானது. செய்முறைப் பயிற்சி தேவைப்பட்டவர்கள் போன்ற சிலரைத் தவிர, மற்ற பல்கலைக்கழக வகுப்புகள் அந்த ஆண்டு இறுதிவரை இயங்கலையிலேயே நடக்கும் என்று மே மாதம் உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. வட்டார மையத்தின் பெரிய திரைக்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரும் தத்தம் வீட்டு மூலையில் ஒரு கைப்பேசியோடு அமர்ந்தார்கள். மையம் வரை வந்துகொண்டிருந்த நல்ல இணைப்பு, வீடு வரைக்கும் வருமா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. ஜூன் மாதம் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி, அலை கிடைக்கவில்லை என்பதற்காக மரத்தின் மேல் ஏறி அமர்ந்து தேர்வு எழுதிய செய்தி நாட்டையே உலுக்கியது.

ஒரு நொடிப் படத்தின் எடை

கேமரா எடுக்கும் படம் எவ்வளவு கனமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரளவு தெளிவான காணொளியில் ஒவ்வொரு படமும் 1,280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் கொண்டது. அப்படியென்றால் ஒரு படத்தில் 9,21,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் தேவை. நொடிக்கு 30 படங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 66 கோடி பிட்டுகள், அதாவது 660 மெகாபிட்டுக்கும் மேல் வரும். எந்தத் தோட்டத்துக் கைப்பேசியும் இதைத் தாங்காது. பட்டணத்தில் இருக்கும் பல ஒளியிழை இணைப்புகளே திணறும்.

ஆனாலும் ஏறத்தாழ 1 மெகாபிட் வேகத்தில் வகுப்பு ஓடுகிறதே, எப்படி? படத்தைச் சுருக்கி அனுப்புகிறார்கள். இந்தக் கலைக்கு 1980களின் இறுதியில் அடித்தளம் போட்டது எச்.261 என்ற தரவிதி. 2003இல் வந்த எச்.264 அதை வெகுவாக மேம்படுத்தியது. இவற்றின் அடிப்படையைத் தோட்டத்துப் பெரட்டை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கிறார். நூறு பேர் பெயரையும் ஒவ்வொரு நாளும் புதிதாக எழுத வேண்டியதில்லை. முதல் நாள் முழுப் பட்டியல். அடுத்த நாள், “நேற்றுப் போலவே, இருவர் வரவில்லை” என்று ஒரு வரி போதும். காணொளியும் இப்படித்தான். முதலில் ஒரு முழுப் படம் போகிறது. பிறகு மாறியது மட்டும் போகிறது. விரிவுரையாளரின் பின்னால் இருக்கும் சுவர் மாறவில்லை. அதை மறுபடி அனுப்ப வேண்டாம். அவர் வாயும் கையும்தான் அசைந்தன. அவற்றை அனுப்பினால் போதும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. நேற்றைய பட்டியல் உங்களிடம் இல்லையென்றால், “நேற்றுப் போலவே” என்ற இன்றைய வரியால் என்ன பயன்? அதுபோல வழியில் ஒரு துண்டு தொலைந்துபோனால், அதைத் தொடர்ந்து வரும் துண்டுகளும் பொருளிழந்துவிடும். அடுத்த முழுப் படம் வந்து சேரும்வரை திரை உறைந்து நிற்கும், அல்லது முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். வகுப்பில் நீங்கள் பார்க்கும் உறைந்த முகத்தின் கதை இதுதான்.

குரல் அப்படி இல்லை. குரலை 20 மில்லிநொடி அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு நொடிக்கு 50 துண்டுகள். ஒன்று தொலைந்தால், முந்தைய துண்டின் ஒலியைச் சற்று நீட்டி, அந்த இடைவெளியை மென்பொருள் நிரப்பிவிடும். காதுக்குத் தெரியவே தெரியாது. மேலும் 2012இல் தரவிதியான ஓப்பஸ் போன்ற ஒலிச் சுருக்க முறைகளுக்கு நொடிக்கு 40 கிலோபிட் இருந்தாலே தெளிவான பேச்சு கிடைக்கும். படம் கேட்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் இது. மோசமான இணைப்பிலும் முதலில் காப்பாற்றக்கூடியது குரல்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பால் லாரி எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

துண்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிரையில் வெட்டியவர் சீக்கிரம் வந்துவிடுவார். மேட்டு நிரைக்காரர் வாளியோடு இறங்கிவர நேரமாகும். லாரி கொஞ்சம் காத்திருக்கும். அதற்கும் மேல் தாமதமானால் விட்டுவிட்டுப் போய்விடும். காணொளி மென்பொருளும் இதைப் போல வரும் துண்டுகளைச் சிறிது நேரம் தேக்கி வைத்து, வரிசைப்படுத்தி, பிறகே உங்களுக்குக் காட்டுகிறது. காத்திருக்கும் நேரம் கூடினால் துண்டுகள் வீணாவது குறையும். ஆனால் உரையாடல் கெட்டுப்போகும்.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குரல் போக 150 மில்லிநொடிக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் வழிகாட்டுதல். 400 மில்லிநொடியைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழுவார். நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். கேள்வி கேட்டுப் பதில் கிடைக்க அரை நொடி. எஜுசாட் போன்றவை விரிவுரைக்கு ஏற்றவையாகவும், கலந்துரையாடலுக்குச் சற்றுச் சங்கடமானவையாகவும் இருந்ததற்கு இந்தத் தூரமே காரணம். 2023 ஜூலை முதல் மலேசியாவில் கிடைக்கும் ஸ்டார்லிங்க் சேவையின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்தத் தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

தோட்டத்துக்குள் அலை ஏன் தளர்கிறது?

இனி நம் ஊர் நிலத்துக்கு வருவோம். கைப்பேசிக்கு வரும் ரேடியோ அலையைத் தடுப்பவை நான்கு: தூரம், மலை, இலை, கூரை.

கோபுரத்திலிருந்து விலக விலக அலை தேய்கிறது. வீடுகள் நெருங்கி இருக்கும் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களில் கோபுரங்களும் நெருங்கி இருக்கின்றன. வீடுகள் சிதறிக் கிடக்கும் உட்புறங்களில் ஒரு கோபுரம் பெரிய பரப்பைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது மலை. ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். மரத்துக்கு நிழல் இருப்பதுபோல ரேடியோ அலைக்கும் மலைக்குப் பின்னால் ஒரு நிழல் விழும். பாலிங், சிக் பக்கத்துக் குன்றுகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது இலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், வீடுகளைச் சுற்றிலும் மட்டைகள் அடர்ந்து தொங்குகின்றன. இலை என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையின் ஆற்றலை உறிஞ்சும்; மட்டைகள் அலையைச் சிதறடிக்கும். மழை பெய்து இலை நனைந்தால் இழப்பு இன்னும் கூடும். அலைவரிசை உயர உயர இந்த இழப்பும் உயரும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். 2,600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 12 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து, நெடுந்தூரம் போகும். குட்டை அலை நிறையத் தரவைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும்.

நான்காவது கூரை. தகரம் ஓர் உலோகம். ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தகரக் கூரை வீட்டில் அலை உள்ளே வர ஜன்னலும் கதவும் பலகைச் சுவருமே வழி. வீட்டுக்கு வெளியே மூன்று கோடு காட்டும் கைப்பேசி, நடுக்கூடத்தில் ஒரு கோடு காட்டுவது இதனால்தான். ஒரே லயத்தில் கடைசி வீட்டுக்குக் கிடைப்பது நடு வீட்டுக்குக் கிடைக்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

2020 ஆகஸ்டில் அரசு தொடங்கிய ஜெண்டேலா திட்டம், மக்கள் வசிக்கும் பகுதிகளில் 4ஜி பரவலை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதைத் தன் முதல் கட்ட இலக்காக வைத்தது. அத்தோடு 2021 இறுதிக்குள் 3ஜி சேவையும் நிறுத்தப்பட்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஒரு பகுதிக்கு அலை எட்டுகிறது என்பதும், அங்குள்ள தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மணி நேர விரிவுரை அறுபடாமல் ஓடுகிறது என்பதும் வேறு வேறு.

“கேமராவைத் திறங்கள்” என்பதன் விலை

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோபுரம் சில பத்து வாட் ஆற்றலோடு பேசுகிறது. உங்கள் 4ஜி கைப்பேசி அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் திரும்பப் பேச முடியும். நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கோபுரத்திடம் மிக நுட்பமான காது இருப்பதால் நடுவில் உள்ள தூரத்தில் இரண்டும் சமாளித்துக்கொள்ளும். எல்லையோரத்திலோ முதலில் தடுமாறுவது உங்கள் பக்கத்திலிருந்து போகும் அலைதான். விரிவுரையாளர் தெளிவாகத் தெரிகிறார், ஆனால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

இந்த நேரத்தில் “எல்லாரும் கேமராவைத் திறங்கள், இல்லையென்றால் வருகைப் பதிவு இல்லை” என்று சொன்னால் என்ன ஆகும்? மிகவும் பலவீனமான பாதையில், மிகவும் கனமான சுமையை ஏற்றச் சொல்கிறோம். ஒளியிழை இணைப்பு உள்ள பட்டணத்து மாணவருக்கு அது ஒன்றுமே இல்லை. தோட்டத்து மாணவருக்கோ முகத்தைக் காட்டப்போய்க் குரலும் போய்விடும்; கைப்பேசி முழு ஆற்றலில் அனுப்பி அனுப்பிச் சூடேறும்; மின்கலம் வற்றும். பிறகு வகுப்பிலிருந்தே விழுந்துவிடுவார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், அதன் பாரம் ஒன்றல்ல. “அக்கறை இல்லாத மாணவர்” என்று பதிவாகும் சிலர், உண்மையில் கோபுரத்தின் எல்லையில் இருப்பவர்களாக இருக்கலாம்.

பணக் கணக்கும் இதோடு சேர்கிறது. நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட். நாளுக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள் வகுப்பு என்றால் வாரத்துக்கு 9 கிகாபைட். ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் படித்தால் 18. அதே வகுப்பைக் குரல் மட்டும் வைத்துக் கேட்டால் மணிக்கு 18 மெகாபைட்; வாரம் முழுக்க 360 மெகாபைட்தான். விரிவுரைப் படவில்லைகள் முதல் நாளே கோப்பாகக் கைக்கு வந்துவிட்டால், குரலைக் கேட்டபடி அவற்றைப் புரட்டிப் பாடத்தைத் தொடரலாம்.

எழுத்துச் செய்தி இன்னும் இலகுவானது. கணினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் 3 பைட் ஆகும். நூறு குறிகள் கொண்ட ஒரு கேள்விக்கு 300 பைட். ஒரு நொடிக் காணொளி பிடிக்கும் இடத்தில் இப்படி நானூறு கேள்விகளை அனுப்பலாம். குரல் எட்டாத மாணவரும் எழுத்தில் கேட்டுவிட முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாணவராக இருந்தால், முதலில் வீட்டைச் சுற்றி நடந்து அலை எங்கே நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். கோபுரம் இருக்கும் திசை ஜன்னல் ஓரம் பெரும்பாலும் நல்ல இடம். கைப்பேசியை அங்கே வைத்து, வைஃபை மூலம் மடிக்கணினிக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, நீங்கள் வசதியான இடத்தில் உட்காரலாம். வெளியே பொருத்தும் ஆன்டெனா கொண்ட மோடம் இருந்தால், அதைக் கூரைக்கு மேலே உயர்த்தினால் தகரத்தையும் மட்டைகளையும் ஓரளவு தாண்டலாம். வகுப்பில் மற்றவர்களின் காணொளி வருவதை நிறுத்தி வையுங்கள். முப்பது முகங்களும் உங்கள் தரவில்தான் வருகின்றன. படம் சிதறத் தொடங்கினால் உங்கள் கேமராவை முதலில் மூடுங்கள். வகுப்பு நேரத்தில் வீட்டில் வேறு கைப்பேசிகள் படம் பார்க்காமல் இருந்தால் உதவி. வீட்டில் ஒரு வழியும் இல்லையென்றால், முன்பு பெடி என்றும் இப்போது நாடி என்றும் அழைக்கப்படும் சமூக இணைய மையம் அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

விரிவுரையாளராக இருந்தால், உங்கள் கையில் இருப்பது இன்னும் அதிகம். பாடக் கோப்புகளை முன்கூட்டியே அனுப்புங்கள். திரையில் ஓடும் படங்களை நம்பாமல், “மூன்றாம் பக்கத்தில் இடது மூலையைப் பாருங்கள்” என்று குரலாலேயே வழிநடத்துங்கள். நல்ல ஒலிவாங்கி ஒன்றை வாங்குங்கள். கேமராவுக்குச் செலவிடுவதைவிட அது பயன் தரும். வருகையை முகத்தால் எடுக்காமல், நடுவில் ஒரு சின்னக் கேள்விக்கு எழுத்தில் வரும் பதிலால் எடுங்கள். ஒலிப் பதிவைத் தனியாகச் சேமித்து வைத்தால், அறுந்துபோனவர்கள் இரவில் அலை நன்றாக இருக்கும் நேரத்தில் இறக்கிக் கேட்பார்கள். நேரம் கறாராக ஓடும் தேர்வுகளில், இணைப்பு அறுந்தவர் மறுபடி நுழைந்து தொடர வழி வையுங்கள்.

திரைக்கு வராதவை

எல்லாப் பாடத்தையும் காணொளிக்குள் அடக்கிவிட முடியாது. செமிலிங்கில் இயங்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பல் மருத்துவமும் படிப்பவர்கள் திரையில் உடற்கூறு பார்க்கலாம். ஆனால் நோயாளியின் வயிற்றைத் தொட்டு வீக்கத்தை உணர்வதைத் திரை கற்றுத் தராது. சோதனைச் சாலையும் பட்டறையும் அப்படியே.

அதேநேரம், நேரில் நடக்க வாய்ப்பே இல்லாத வகுப்புகளைக் காணொளி சாத்தியமாக்குகிறது. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிக்கும் ஒருவர், கூலிம் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் வண்டி ஓட்டாமல், தம் ஆய்வு வழிகாட்டியைச் சந்திக்கலாம். தமிழ் ஆய்வு மாணவர் ஒருவர் சென்னைப் பேராசிரியரின் உரையைக் கேட்கலாம். நடுவில் இருப்பது இரண்டரை மணி நேர வித்தியாசம் மட்டுமே. இந்த வாய்ப்புகள் நல்ல இணைப்பு உள்ளவருக்கு மட்டும் கிடைத்தால், தூரத்தைக் குறைக்க வந்த கருவி தூரத்தை இன்னும் கூட்டிவிடும்.

அதைத் தடுக்கப் புதுக் கோபுரம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பருவத்தின் முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்கலாம்: “உங்களில் யார் வீட்டில் படம் வராது, குரல் மட்டும் வரும்?” கை தூக்க வெட்கப்படுவோர் எழுத்தில் சொல்லட்டும். மாணவரும் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வாரமே சொல்லிவிடலாம். எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால், பாடத்தை அவர்கள் இணைப்பு தாங்கும் அளவுக்கு அமைக்கலாம். அங்கே சரியாக ஓடும் வகுப்பு, பட்டணத்திலும் சரியாகவே ஓடும்.